மூன்றாம் நாள் திருவிழாவை விழுங்கிய ஐந்து விநாடி

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கோபக்காரன். இந்தக் கட்டுரையையும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நடந்து ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. வயதோடு கோபம் தணியும் என்று யாரோ எனக்குச் சொன்னார்கள். சொன்னவரைக் கண்டால் அவர்மீதும் கோபப்படுவேன். இதைப் படித்து நீங்கள் சிரிக்கலாம். என் வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் யார்மீது கோபமாக இருக்கிறேன் என்பதைக் கேட்டுவிட்டுச் சிரித்தால் போதும்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவன் அல்லன். நாற்பது ஆண்டுகள் பட்டினத்துக் கடையொன்றில் வானொலி திருத்தினேன். தமிழையும் மின்சாரத்தையும் ஏறத்தாழ ஒரே முறையில்தான் கற்றேன்: பழையதை வாங்கி, பிரித்துப் பார்த்து, திரும்பப் பூட்டி. ஓய்வுக்குப் பிறகு எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் எங்கள் வீட்டின் பின்னறையை ஓர் ஒலிப்பதிவுக் கூடமாக்கினேன். கோயில் அறிவித்தல், மரண அறிவித்தல், பாடசாலை விளையாட்டுப் போட்டி அறிவித்தல் என்று என் குரல் சுற்றுவட்டாரத்தில் ஒலித்தது. (வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனைப் பதிவுசெய்திருக்கிறீர்களா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. செய்யவும் மாட்டேன். இனி அதைக் கேட்க வேண்டாம்.)

என் வாழ்க்கையில் ஒரு பெருமை இருந்தது. திருட்டுப் பொருளை நான் தொட்டதில்லை. எங்கள் பகுதியில் கணினி வைத்திருப்பவர்களுள் பெரும்பாலானோர் மென்பொருளை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரதியெடுத்துக்கொள்வார்கள். அதைக் களவென்று யாரும் நினைப்பதில்லை. நான் நினைத்தேன். ஆகவே யாரும் எடுக்கலாம், யாரும் பிரித்துப் பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்று எழுதிக்கொடுத்து உலகுக்கே திறந்துவைக்கப்பட்ட லினக்ஸ் இயங்குதளத்தை என் கணினியில் நிறுவினேன். பின்மூடியைத் திறக்க முடியாத வானொலியை நான் ஒருபோதும் வாங்கியதில்லை. இயங்குதளத்திலும் அதே கொள்கை. அந்தக் கொள்கையோடு நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. குணத்தின் குரலைக் கேட்டுவிட்டேன்.

குணம் எங்கள் ஊரின் ஒலிபெருக்கிக்காரர். ஓட்டோவின் கூரையில் இரண்டு குழாய்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அறிவித்தல் போடுபவர். ஒரு நாள் அவர் தாமே ஒரு கடைத் திறப்பு விழாவுக்கு அறிவித்தல் பதிந்திருந்தார். அந்தக் குரல் வெண்கலக் குடத்துக்குள்ளிருந்து வருவது போல உருண்டு வந்தது. காக்கைச் சத்தம் இல்லை. கடல் இரைச்சல் இல்லை. என் பதிவுகளில் இவை இரண்டும் தவறாமல் இருக்கும். பின்னணியில் ஓர் ஆடும் இருக்கும்.

விசாரித்தேன். ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் செருகிப் பயன்படுத்தும் சிறு நிரல் ஒன்றுதான் அதற்குக் காரணம் என்றார். அவர் அதைப் பிளக்கின் என்றார். நான் செருகி என்கிறேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று விற்பது. குணம் விலைகொடுத்து வாங்கியிருக்கவில்லை.

"ஐயா, நீங்க ஏன் பாடுபடுறீங்க? பென் டிரைவைக் கொண்டு வாங்க. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள்ள போட்டுத் தாறன்."

"அது களவு, குணம்."

"களவெண்டா ஆரும் தேடி வரணுமே ஐயா? இவ்வளவு காலமா ஒருத்தரும் வரல்லியே."

அவருக்கு நேர்மையைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இடையில் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்தும் முடித்தார். நான் நேரே வீட்டுக்கு வந்து, அந்தச் செருகியை முறைப்படி, பெயர் முகவரி எல்லாம் எழுதிக்கொடுத்து, சட்டபூர்வமாக வாங்கினேன். நன்றி என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த நன்றியை நான் நம்பினேன். (மடையன்.)

வாங்கிய பிறகுதான் அது என் இயங்குதளத்தில் ஓடாது என்று தெரிந்தது. அது விண்டோஸ் வீட்டுப் பிள்ளை. வேறு வீட்டில் சாப்பிடாது. ஆனால் லினக்ஸில் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இடையில் ஒரு துபாசி மென்பொருளை, அதாவது மொழிபெயர்ப்பாளனை, நிறுத்தலாம். அந்தத் துபாசி செருகியின் காதில், "தம்பி, பயப்படாதே, இது உன் வீடுதான்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். எங்கள் பகுதியில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். நானும் அப்படி வந்தவன். ஆகவே பிற வீட்டில் வந்து மிரளும் ஒரு ஜீவனின் மனநிலை எனக்குப் புரிந்தது. மூன்று வாரம் அதற்குப் பணிவிடை செய்தேன். முதல் வாரம் அது திறக்கவில்லை. இரண்டாம் வாரம் திறந்தது, கறுப்பாக இருந்தது. மூன்றாம் வாரம் எல்லாப் பொத்தான்களையும் காட்டியது. ஒன்றைத் தொட்டால் முழுக் கணினியும் உறைந்தது. கடைசியில் ஒரு காலைப்பொழுதில் என் குரல் காக்கை நீங்கி, கடல் நீங்கி, ஆடு நீங்கி, வெண்கலமாக வெளிவந்தது.

என் மனைவி பரிமளத்தைக் கூப்பிட்டுக் கேட்கச் செய்தேன். அவள் அகப்பையோடு நின்று கேட்டாள்.

"நல்லாத்தான் இரிக்கி. ஆனா இஞ்சாருங்க, குணத்தின்ட ஓட்டோக் குழாய்க்குள்ளால தேவர் வந்து பாடினாலும் தகரத்தில தட்டின சத்தந்தான் வரும். அதுக்கு ஏன் இவ்வளவு பாடு?"

நான் அந்தப் பதிவை மறுபடியும் ஓடவிட்டேன்.

இப்போது எங்கள் கோயில் விவகாரத்துக்கு வருகிறேன். மட்டக்களப்புப் பகுதியைச் சேராதவர்களுக்காக ஒரு விளக்கம். எங்களிடம் குடி என்று ஒன்று உண்டு. அது தாய்வழியாக வருவது. நான் என் தாயின் குடி. என் பிள்ளைகள் என் மனைவியின் குடி. கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு உரியது. எந்தக் குடியின் பெயர் எத்தனையாவதாகக் கூறப்படுகிறது என்பதில்தான் ஊரின் மானம் முழுவதும் இருக்கிறது. (குடிப் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு இன்னும் சில ஆண்டுகள் உயிரோடிருக்க விருப்பம்.)

என் மனைவியின் குடியை மாணிக்கப்போடி குடி என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு உரியது மூன்றாம் நாள். அப்போதைக்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன், தேர் வடத்தை முதலில் யார் தொடுவது என்ற வாக்குவாதத்தில் அந்த நாள் அவர்களிடமிருந்து பறிபோனது. அன்றிலிருந்து மூன்றாம் நாள் 'பொதுத் திருவிழா'வாகவே நடந்துவந்தது. பரிமளத்தின் தமையன் கந்தையா மச்சான் அந்தக் குடியின் வண்ணக்கர். அதாவது கோயில் நிருவாகத்தில் அவர்களுக்காக நிற்பவர். அந்த மனிதர் பதினொரு ஆண்டுகள் ஒவ்வொரு கூட்டமாக ஏறி இறங்கி, கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வழிசெய்தார். அறிவித்தலில் மூன்றாம் நாளுக்கு மாணிக்கப்போடி குடியின் பெயர் கூறப்படும். கொடியேற்றத்தன்று அக்குடியார் வந்து தங்கள் இடத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த நாள் என்றென்றைக்கும் பொதுவாகிவிடும்.

கொடியேற்றத்துக்கு நான்கு நாள் இருக்கையில் கந்தையா மச்சான் என் பின்னறைக்கு வந்தார். வயது எழுபத்துநான்கு. கதிரையில் உட்காரவில்லை.

"மச்சான், நான் செருப்புத் தேயத் திரிஞ்சதெல்லாம் இந்த ஒரு பேருக்குத்தான். மூண்டாம் நாள் எண்டு சொன்ன உடன எங்கட குடிப் பேர் லவுட்ஸ்பீக்கர்ல வரணும். அதை ஒருக்காக் கேட்டனெண்டாப் போதும். மறுகா நான் கண்ணை மூடினாலும் சரி. உங்கட வாயால வரட்டும்."

"வரும் மச்சான். வெண்கலமா வரும்," என்றேன்.

அறிவித்தலை நானே எழுதினேன். அம்பாளுக்கு மட்டும் பதினொரு அடைமொழி. 'அண்டசராசரங்கள் அனைத்தையும் ஈன்றருளி' என்று தொடங்கி, 'எழுவான்கரையின் எழில்மிகு திருத்தலத்தில்' என்று வளர்ந்து, ஏழு நாள் திருவிழா விவரத்தைத் தொடுவதற்கே முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த அடைமொழிகளில் ஒன்றே ஒன்றைக் குறைத்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுத வேண்டி வந்திருக்காது. எதைக் குறைத்திருக்கலாம் என்று பிற்பாடு பல நாள் யோசித்திருக்கிறேன். எதையும் குறைக்க மனம் வரவில்லை.

பதிவுக்கு முதல் நாள் மாலை, பொறுப்புள்ள கணினியாளனாக, இயங்குதளத்தின் புதிய திருத்தங்கள் அனைத்தையும் இறக்கி நிறுவினேன். மறுநாள் காலை கணினி புதுத் தெம்போடு எழுந்தது. செருகி எழுந்து சுற்றுமுற்றும் பார்த்தது. துபாசி மாறியிருந்தது, சுவர் மாறியிருந்தது. இது வேறு யாருடையதோ வீடு என்று அது முடிவுசெய்தது. அப்படி ஐயம் வந்தால் அது இணையம் வழியாகத் தன் தலைமையகத்தைக் கேட்கும். ஆனால் இரவு பெய்த மழையில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சந்து முழுவதும், இணைய இணைப்பு போயிருந்தது. தலைமையகத்தைக் கேட்க முடியாத அந்தச் செருகி என்னைத் திருடன் என்று தீர்மானித்துவிட்டது. தன்னைச் 'சோதனைப் பதிப்பு' நிலைக்கு மாற்றிக்கொண்டது. அந்த நிலையில் அது ஒவ்வொரு நிமிட முடிவிலும் ஐந்து விநாடி வாயை மூடிக்கொள்ளுமாம். (இவையெல்லாம் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தன.)

திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றியது உண்மை. அதில் ஏதோ எழுதியிருந்ததும் உண்மை. கடலை சுற்றிவந்த காகிதத்தைக்கூட விரித்து வாசிக்கும் வழக்கமுள்ள நான், வாழ்நாளில் வாசிக்காமல் மூடியது அந்தப் பெட்டி ஒன்றைத்தான்.

வாசலில் குணத்தின் ஓட்டோ உறுமிக்கொண்டு நின்றது. பதிவை இறுதிசெய்து, முதல் அரை நிமிடத்தை மட்டும் கண்மூடிக் கேட்டேன். அடைமொழிகள் அற்புதமாக இருந்தன. பெனில் போட்டுக் கொடுத்தேன்.

என் நிதானமான வாசிப்பில் அறுபதாவது விநாடி எங்கே விழுந்தது என்பதைக் கேளுங்கள். நான் வாசித்தது இது: "மூன்றாம் நாள் திருவிழா, மாணிக்கப்போடி குடியினர். நான்காம் நாள் திருவிழா, வேலாப்போடி குடியினர்." ஊர் கேட்டது இது: "மூன்றாம் நாள் திருவிழா" - ஐந்து விநாடி நிசப்தம் - "வேலாப்போடி குடியினர்."

வேலாப்போடி குடி என் தாயின் குடி. என் குடி.

கத்தரியால் வெட்டினாலும் அவ்வளவு சுத்தமாக வெட்ட முடியாது. நான்காம் நாள் காணாமற்போனதை எவரும் கவனிக்கவில்லை. பெரிய வீடு எரிகையில் கோழிக்கூட்டை யார் பார்ப்பார்கள்? அந்த ஐந்து விநாடி நிசப்தத்தையோ சனம் வேறு விதமாக விளங்கிக்கொண்டது. ஒரு பெரிய செய்தியைச் சொல்வதற்கு முன் நான் வேண்டுமென்றே மூச்சைப் பிடித்து நிற்கிறேன் என்று நினைத்தார்கள்.

எனக்கு முதலில் செய்தி கொண்டுவந்தவர் என் குடியைச் சேர்ந்த, தம்பி முறையான அரசரெத்தினம். பத்து மணிக்கு ஒரு தட்டு வெற்றிலையோடு, பின்னால் நாலைந்து பேரோடு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணன், செய்தீங்களே ஒரு வேலை! பொஞ்சாதி வீட்டில இரிந்துகொண்டு எங்கட குடியை மறந்திட்டீங்க எண்டு நாங்க பறைஞ்சதெல்லாம் பிழை. மன்னிக்கணும்."

"என்ன வேலை செய்தேன்?"

"ஆ, அதையும் ஒண்டும் தெரியாத ஆளாட்டம் கேக்கிறாரு பாருங்கடா!"

எல்லாரும் மெச்சிச் சிரித்தார்கள். ஒன்றும் விளங்காமல் நானும் கொஞ்சம் சிரித்தேன். (சிரித்திருக்கக் கூடாது. சாட்சிகள் இருந்தார்கள்.) அந்நேரம் குணத்தின் ஓட்டோ எங்கள் ஒழுங்கை முகப்பைக் கடந்தது. என் குரல் என் காதில் விழுந்தது. மூன்றாம் நாள் என்றது, நின்றது, என் குடிப் பெயரைச் சொன்னது.

ஓடிப்போய் ஓட்டோவை மறித்தேன். "குணம்! இதைக் கேட்கவில்லையா நீர்?"

"நான் ஓட்டிறவன் ஐயா, கேக்கிறவனில்ல," என்றார் அவர். "பாலத்தால அங்கால படுவான்கரை முழுக்கப் போட்டிட்டுத்தான் வாறன். பயப்படாதீங்க, எல்லா இடமும் நல்லாக் கேட்டிரிக்கும்."

பிற்பகல் கந்தையா மச்சான் வந்தார். வாசலோடு நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தங்கையிடம் மட்டும் சொன்னார்:

"பரிமளம், எங்கட ஆக்கள் கொடியேத்தத்துக்கு வரமாட்டாங்களாம். பேர் இல்லாத இடத்தில நிண்டு என்ன செய்யிற எண்டு கேக்காங்க. நான் என்னகா பதில் சொல்ல?"

அவர்கள் வந்து நிற்காவிட்டால் பதினொரு ஆண்டு உழைப்பும் போயிற்று; மூன்றாம் நாள் திரும்ப வராது. மறுநாள் மாலை கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடியது. நான் மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உண்மையை விளக்கினால் யாவும் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையோடு போனேன்.

திறந்த மூலம், துபாசி, செருகி, உரிமம், சோதனைப் பதிப்பு எல்லாவற்றையும் விளக்கினேன். அழகாகவே விளக்கினேன். தலைமை வண்ணக்கர் சாமித்தம்பி தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார். முடிவில் ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி. அந்தக் கம்பெனிக்காரன் எந்தக் குடி?"

"அவர்கள் வெளிநாட்டவர்கள், ஐயா."

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "வெளிநாட்டில எங்கட ஆக்கள் இல்லியா? சுவிசிலயும் கனடாவிலயும் வேலாப்போடி குடி எத்தின பேர் இரிக்காங்க! அதுக்க ஒருத்தன் அந்தக் கம்பெனியில வேலை செய்யமாட்டானா?"

கூட்டம் சலசலத்தது. அரசரெத்தினம் எழுந்து, "செய்தா என்ன? செய்யக்கூடாதா?" என்று கேட்டு எரிகிற அடுப்பில் நெய்யை ஊற்றினார். வேலாப்போடி குடியார் மூன்றாம் நாளைத் திருப்பிக் கொடுக்கும் உத்தேசத்தில் இல்லை என்பது தெரிந்தது.

"பொறுங்கள். நானே காட்டுகிறேன்," என்றேன். அந்த நிறுவனத்தின் விளக்கப் பக்கத்தையும் காட்டலாம் என்று, குணம் தம் கைத்தொலைபேசியின் இணைப்பைக் கணினிக்குக் கொடுத்தார். அறிவித்தலைச் செருகியோடு ஓடவிட்டேன். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அறுபதாவது விநாடியில் விரலை உயர்த்தி, "இதோ!" என்றேன்.

"...மாணிக்கப்போடி குடியினர்," என்றது கணினி. வெண்கலக் குரலில். முழுமையாக. ஓர் எழுத்துக் குறையாமல்.

குணத்தின் இணைப்புக் கிடைத்ததும் அந்தச் செருகி தன் தலைமையகத்தைக் கேட்டுத் தெளிந்து, நான் நேர்மையானவன் என்று ஒப்புக்கொண்டுவிட்டது. ஊரே கூடியிருந்து என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருக்கையில் அது மட்டும் என்னை நல்லவன் என்றது! இணைப்பைத் துண்டித்து மறுபடி ஓடவிட்டேன். அப்போதும் முழுமையாகவே சொன்னது. ஒரு முறை நம்பினால் சில நாளைக்கு நம்புமாம்.

சாமித்தம்பி மெதுவாகச் சொன்னார்: "அப்ப நல்லது வீட்டில இரிந்திருக்கு. கெட்டதைத்தான் ஊருக்கு அனுப்பியிருக்கீங்க."

அதன் பிறகு நடந்ததற்கு நான் வெட்கப்படுகிறேன். நான் கணினியைப் பார்த்துக் கத்தினேன். "நன்றிகெட்ட பதரே! உன்னை விலைகொடுத்து வாங்கியவன் நான். மூன்று வாரம் உனக்குச் சேவகம் செய்தவன் நான்! திருடி வைத்திருப்பவனிடம் வாய் திறந்து பேசுகிறாய், வாங்கியவனிடம் ஊமையாகிறாய்! என்ன நீதி இது? எந்த ஊர் நீதி?" என்றெல்லாம் கை நீட்டிக் கேட்டேன். கோயில் மண்டபத்தில் நின்று ஒரு மடிக்கணினியை இலக்கணத் தமிழில் வைத மனிதன் எங்கள் ஊரில் எனக்கு முன் எவரும் இல்லை. பூசகர் இருந்த இடத்தைவிட்டு எழுந்து சற்று விலகி நின்றார். எனக்கு உரு, அதாவது சாமி, வந்துவிட்டது என்று நினைத்தாராம்.

பெண்கள் பக்கத்திலிருந்து பரிமளம் எழுந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தமையனைப் பார்த்தாள்.

"அண்ணன், இஞ்ச கேளுங்க. இந்த மனுசனுக்குக் களவெடுக்கத் தெரிஞ்சிரிந்தா இந்தக் கரைச்சலே வந்திராது. குணம் களவெடுத்தது ஒழுங்கா வேலை செய்யிது. இவர் வாங்கினதுதான் வாயடைச்சு நிண்டது. பெனில போட்டுத் தாறன் எண்டு வலியக் குடுக்க வந்த சாமானையே களவெடுக்கத் தெரியாத ஆள், உங்கட திருவிழாவைக் களவெடுப்பாரா?"

பிறகு குணம் தலையைச் சொறிந்துகொண்டு, "உண்மைதான். நான் எவ்வளவோ சொன்னன். ஐயாவுக்கு அது சரிவராது," என்று சாட்சியம் கூறினார். யாரோ சிரித்தார்கள். அப்புறம் மண்டபமே சிரித்தது. கந்தையா மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"தங்கச்சி சொல்றது சரி. நாப்பது வருசமா எனக்கு இவரைத் தெரியும். இவரால ஏலாது."

என் வாழ்நாள் நேர்மைக்கு ஊர் வழங்கிய நற்சான்றிதழ் அதுதான். ஏலாது.

"ஆனா," என்று அவர் தொடர்ந்தார், "பேர் போனது போனதுதான். சனம் கேட்டிட்டு. காதுக்குள்ள போனதை எப்பிடி எடுக்கிற?"

சாமித்தம்பி தீர்ப்புச் சொன்னார். எந்திரம் வேண்டாம். நாளைக் காலை நானே குணத்தின் ஓட்டோவில் ஏறி, முந்திய அறிவித்தல் போன இடமெல்லாம் போய், சந்திக்குச் சந்தி நின்று, என் சொந்த வாயால் மூன்றாம் நாளையும் மாணிக்கப்போடி குடியின் பெயரையும் சொல்ல வேண்டும். மூன்று தரம் சொல்ல வேண்டும்.

"ஏன் மூன்று?" என்றேன்.

"ஒண்டு போன பேருக்கு. ஒண்டு வரவேண்டிய பேருக்கு. மற்றது உங்கட நேர்மைக்கு," என்றார். மறுபடியும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். எங்கள் ஊர்ச் சந்தி, செட்டிபாளையம், அப்பால் பாலம் கடந்து படுவான்கரை. அடைமொழி ஒன்றும் இல்லை, அனுமதி கிடைக்கவில்லை. "மூன்றாம் நாள் திருவிழா, மாணிக்கப்போடி குடியினர்! மாணிக்கப்போடி குடியினர்! மாணிக்கப்போடி குடியினர்!" பாலத்தில் வாவிக் காற்று வாய்க்குள் புகுந்து சொல்லைத் திருப்பித் தள்ளியது. ஒரு சந்தியில் மரக்கறி விற்ற பெண்மணி, "கேட்டிட்டம் ஐயா, கேட்டிட்டம், போங்க! மாடு மிரளுது!" என்றார். வயல் பக்கத்தில் முதியவர் ஒருவர் வரப்பால் ஓடிவந்து, தாம் வட்டைக்குள் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்ததால் முதல் இரண்டைத் தவறவிட்டதாகவும், தாமும் அந்தக் குடிதான் என்றும், முதலிலிருந்து மூன்றும் வேண்டும் என்றும் கேட்டார். சொன்னேன். வேறு என்ன செய்வது?

மத்தியானத்துக்குள் என் குரல் கரகரத்துப் போயிற்று. குணம் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஐயா, இதை ஒருக்காப் பதிஞ்சு பெனில போட்டா, நீங்க வீட்டில சாய்ஞ்சிரிக்கலாம்."

"வாயை மூடும், குணம்."

"மூடுறன் ஐயா. அஞ்சு செக்கனுக்கோ?"



கொடியேற்றத்தன்று மாணிக்கப்போடி குடியார் வந்தார்கள். ஒருவர் குறையாமல் வந்தார்கள். கந்தையா மச்சான் வெள்ளைச் சால்வையோடு முன்னால் நின்றார். குடி கூறும் நேரம் வந்தது. மூன்றாவதாக அவர்கள் பெயரைப் பூசகர் ஒரு முறை கூறிவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தார். கந்தையா மச்சான் கையை உயர்த்தினார்.

"ஐயா, சந்தியில மூண்டு தரம் சொன்னது. கோயில்ல ஒரு தரமெண்டா, சந்தியைவிடக் கோயில் குறைஞ்சதா?"

பூசகர் இன்னும் இரண்டு முறை கூறினார். மூன்றாம் முறை கூறும்போது அந்த மனிதர் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். பதினொரு ஆண்டு அந்தச் சால்வைக்குள் குலுங்கியது. நான் வேறு பக்கம் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம் மட்டும் என் கோபம் என்னிடம் இல்லை.

திருவிழா முடிந்த பிறகு அந்த நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. நான் நான்கு பக்கத்துக்கு முறையிட்டிருந்தேன். அவர்கள் இரண்டு வரியில் முடித்திருந்தார்கள். தாங்கள் பயன்படுத்தும் இயங்குதளத்துக்கு நாங்கள் உதவி வழங்குவதில்லை. இந்தச் சேவை தங்களுக்கு எவ்வளவு திருப்தியளித்தது என்பதை நட்சத்திரங்களால் குறிப்பிடுக. நான் ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். அதைக் கொடுத்ததற்காகவும் இன்றுவரை வருந்துகிறேன். பிற்பாடு பார்த்தால், இரைச்சலை நீக்கும் கருவி ஒன்று என் ஒலிப்பதிவு மென்பொருளுக்குள்ளேயே முதல் நாள் தொட்டுச் சும்மா கிடந்திருக்கிறது. இலவசம். உரிமம் கேட்காது. காக்கையையும் கடலையும் நன்றாகவே நீக்குகிறது. அந்தக் கோபத்தை யார்மீது காட்டுவது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன். குணத்தின் களவுப் பிரதியோ இன்றும் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடுகிறது. (இப்போதும் நான் களவெடுக்கவில்லை. ஏலாது.)

அடுத்த ஆண்டு, பெயரை ஒரு முறை கூறினால் போதும் என்று மற்றக் குடிகள் வாதாடின. மாணிக்கப்போடி குடியார் எழுந்து, மூன்று முறை கூறுவது தங்கள் வழமை என்றார்கள். வழமை என்ற சொல் வந்துவிட்டால் எங்கள் ஊரில் விவாதம் முடிந்தது. உடனே அரசரெத்தினம் எழுந்தார்.

"அப்ப எங்கட வழமை? அந்த வருசம் எங்கட பேருக்கு முன்னால ஒரு அமைதி இரிந்தது. ஊர் முழுக்க மூச்சைப் பிடிச்சிக் கேட்டது. அதையும் விடேலாது."

மூன்றாம் நாளை விட்டுக்கொடுப்பதற்கு அவர்கள் கேட்ட ஈடு அதுதான். கூட்டம் ஏற்றுக்கொண்டது. அன்று முதல் இன்றுவரை, கொடியேற்றத்தன்று பூசகர் மாணிக்கப்போடி குடியை மும்முறை கூறுகிறார். பிறகு நான்காம் நாள் என்கிறார். பிறகு நிறுத்துகிறார். மேளம் நிற்கிறது. மணி நிற்கிறது. கைக்குழந்தைகளின் வாயைத் தாய்மார் பொத்துகிறார்கள். ஐந்து விநாடி, அத்தனை சனமும் கைகூப்பியபடி மௌனமாக நிற்கிறது. ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் சோதனைப் பதிப்பு எங்கள் கோயிலின் பூசை முறையில் ஓர் அங்கமாகிவிட்டது. கடந்த ஆண்டு புதிதாகக் கல்யாணம் முடித்து வந்த மருமகன் ஒருவர், இது எந்தக் காலத்து வழக்கம் என்று பக்கத்தில் நின்றவரைப் பணிவோடு கேட்டார். "அது கனகாலம், தம்பி. ஆதியில இரிந்து வாறது," என்று பதில் வந்தது.

அந்த ஐந்து விநாடியும் நான் கண்ணைத் திறப்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுகிறேன். பெண்கள் பக்கத்தில் பரிமளம் கைகூப்பி, மிகுந்த பக்தியோடு கொடிமரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாளாம். தோள்கள் மட்டும் குலுங்குகின்றனவாம். பார்ப்பவர்கள் அவள் அழுகிறாள் என்று நினைக்கிறார்கள்.